பப்பாளியை விடுங்கள், டீயைப் பாருங்கள்

நீங்கள் எழுதியிருப்பது இது: வயது 27, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 44 கிலோ. நான்கு மாதங்களுக்கு முன் எட்டாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. அடுத்ததற்குத் தயாராகிறீர்கள். ஹீமோகுளோபின் 9.4. மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்டீர்கள். "கர்ப்பத்துக்கு முன்பும் கர்ப்பத்தின்போதும் என்னென்ன சாப்பிடக் கூடாது?" என்று முடித்திருக்கிறீர்கள். நடுவில், போகிற போக்கில் எழுதியது போல ஒரு வரி இருக்கிறது. கரு கலைவதற்கு மூன்று நாள் முன்பு அலுவலகத் தோழி கொடுத்த பப்பாளிப் பழத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டதாகவும், அதை மாமியாரிடம் சொன்ன நாளிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சு ஓயவில்லை என்றும். என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியே அந்த வரிதான்.

அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு துண்டுப் பழம் உங்கள் கருவைக் கலைக்கவில்லை. தெரியவந்த கர்ப்பங்களில் பத்தில் ஒன்றாவது, சில கணக்குகளில் அதற்கும் மேலாக, தொடக்க மாதங்களிலேயே தானாகக் கலைகிறது. அப்படிக் கலைந்த கருக்களைச் சோதித்தால் ஏறத்தாழப் பாதியில் குரோமோசோம் எண்ணிக்கை தவறியிருப்பது தெரியும். முட்டையும் விந்தணுவும் சேர்ந்த நேரத்தையொட்டியே நேர்ந்துவிடும் பிழை அது. தாய் பிறகு என்ன சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதைத் திருத்தவோ கெடுக்கவோ முடியாது. எட்டாவது வாரத்தில் இரத்தப்போக்கு தொடங்கும் பலருக்குக் கரு வளர்வது அதற்குச் சில நாட்கள், சில சமயம் ஒன்றிரண்டு வாரங்கள் முன்பே நின்றிருக்கும். உங்களுடைய கரு எதனால் நின்றது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பழுத்த பப்பாளி என்ற காரணத்தை மட்டும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

உங்கள் மாமியாரின் பயம் வெறும் கற்பனையும் இல்லை. பப்பாளிக் காயைக் கீறினால் வடியும் பாலில் பப்பைன் முதலிய நொதிகள் இருக்கின்றன. 2002இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் எலிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பழுத்த பப்பாளியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்யவில்லை, காயின் பால் சுருங்கச் செய்தது. எலிக்கு நடப்பது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. கர்ப்பிணிகளுக்குப் பப்பாளிக் காயைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வை எவரும் செய்யவும் மாட்டார்கள். அதனால் நான் சொல்வது இவ்வளவுதான்: பப்பாளிக்காய்க் கூட்டு வேண்டாம், நன்றாகப் பழுத்தது குற்றமில்லை. வீட்டில் சண்டைதான் வரும் என்றால் பழத்தையும் விட்டுவிடுங்கள், கொய்யா இருக்கிறது. அன்னாசி ஒரு கிண்ணம் சாப்பிட்டுக் கரு கலைந்ததற்குச் சான்று இல்லை. எள்ளும் கொள்ளும் சூடு என்பார்கள். சமையலில் சேர்க்கும் அளவில் அவற்றால் கெடுதல் இல்லை, அதிலும் எள்ளில் சுண்ணாம்புச்சத்து ஏராளம். குங்குமப்பூ போட்டால் பாலுக்கு நிறம் வரும், குழந்தைக்கு வராது.

நான் மருத்துவர் இல்லை. ஈரோட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையின் கர்ப்பிணிகள் பிரிவில் 19 ஆண்டுகளாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வேலை என்னுடையது அல்ல, தட்டில் என்ன விழுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. இத்தனை ஆண்டுகளில் என்னிடம் வந்த முதல் கேள்விகளில் பத்துக்கு எட்டு "என்ன சாப்பிடக் கூடாது" என்பதாகவே இருந்திருக்கிறது. ஒருமுறை ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர், தினசரி நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி நான்காக மடித்த பட்டியலோடு வந்தார். மாமியார் சொல்லச் சொல்ல அவரே எழுதியது. பப்பாளி, அன்னாசி, எள், கத்தரிக்காய், பூசணி, நுங்கு என்று தாள் நிறைந்து ஓரத்திலும் எழுதியிருந்தார். தாளை மேசையில் வைத்துவிட்டு, முந்தின நாள் எழுந்தது முதல் படுக்கும் வரை வாய்க்குள் போனதைச் சொல்லச் சொன்னேன். காலையில் டீயும் நான்கு ரஸ்க்கும். பதினோரு மணிக்கு மீண்டும் டீ, அதைக் குடித்தே இரும்பு மாத்திரை. மதியம் சோறு, இரசம், அப்பளம். மாலை டீ. இரவு இரண்டு தோசை, சர்க்கரை தொட்டுக்கொண்டு. விலக்கியவை இருபதுக்கு மேல், உண்டவை ஆறேழு. அவருடைய இரத்தம் 8.1.

அந்தப் பதினோரு மணி டீயை எடுத்துக்கொள்ளுங்கள். டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருட்கள் குடலில் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டோடு ஒரு கோப்பை டீ குடித்தால் அந்தச் சாப்பாட்டிலிருந்து உடம்புக்குள் போகும் இரும்பு பாதிக்கும் கீழே விழுகிறது, காபி என்றால் மூன்றில் ஒரு பங்காவது குறைகிறது. இது பல முறை அளந்து பார்த்த விஷயம், சந்தேகமே இல்லை. 1980களில் செய்த ஓர் ஆய்வில் இன்னும் சுவாரசியமான ஒன்று தெரிந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி எதையும் கெடுக்கவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபியோ, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்த அளவுக்கே கெடுத்தது. நாம் செய்வது பெரும்பாலும் இரண்டாவதுதான். டீயை விடச் சொன்னால் நம் ஊரில் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் விட்டதில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் முன்னால், அல்லது இரண்டு மணி நேரம் பின்னால் தள்ளி வையுங்கள். கர்ப்பம் தரித்த பிறகு நாளைக்கு இரண்டு சிறிய டம்ளருக்கு மேல் வேண்டாம்.

இனி நீங்கள் நிறுத்திவிட்ட மாத்திரை. "சாப்பாட்டிலேயே சரிசெய்துகொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டை வைத்துப் பிழைப்பவள் நான். எனக்கே இதைச் சொல்ல வருத்தம்தான், ஆனாலும் 9.4ஐச் சாப்பாடு மட்டும் தூக்கி நிறுத்தாது. கணக்கைப் பாருங்கள். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தத்தில் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை. ஏறக்குறைய 300 குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும், 500 தாயின் உடம்பில் புதிதாகப் பெருகும் இரத்தத்துக்கு, மீதி அன்றாட இழப்புக்கு. நம் சோறு, குழம்பு, பொரியல் சாப்பாட்டில் உள்ள இரும்பில் நூற்றுக்கு எட்டுப் பங்குதான் பெண்கள் உடம்பில் சேரும் என்று வைத்துக்கொண்டே இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் தன் பரிந்துரையைக் கணக்கிடுகிறது. கர்ப்பத்தில் உறிஞ்சும் திறன் தானாகக் கூடும் என்றாலும், சேமிப்பில் எதுவும் இல்லாமல் தொடங்குகிறவருக்கு அது போதாது. வங்கியில் இருப்பு இல்லாமல் வீடு கட்டத் தொடங்குவது மாதிரி. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. இவர்களில் பெரும்பாலோர் கர்ப்பத்தில் இரத்தம் இழந்தவர்கள் அல்லர், குறைந்த இரத்தத்தோடே கர்ப்பத்துக்குள் வந்தவர்கள். கர்ப்பம் தரிக்காத பெண்ணுக்கு 12க்குக் கீழே வந்தாலே இரத்தசோகைதான். உங்களுக்கு இப்போதே 9.4. கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி சிவப்பணுக்களைவிட அதிகமாகப் பெருகுவதால் இந்த எண் இன்னும் இறங்கும். இப்போது ஏற்றிக்கொள்வதுதான் எளிது.

மாத்திரையால் வயிறு குமட்டுவதும் மலம் கட்டுவதும் உண்மை, உங்கள் மனப்பிரமை இல்லை. மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம், உறிஞ்சப்படாத இரும்பு வெளியேறுகிறது, அவ்வளவுதான். வெறும் வயிற்றில் போட்டால் அதிகம் சேரும், ஆனால் குமட்டும். குமட்டுகிறவர்களை நான் இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும் முன் அரை எலுமிச்சை பிழிந்த நீரோடு போடச் சொல்வேன். குமட்டலைத் தூங்கியே கடந்துவிடலாம். பாலோடு வேண்டாம், சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். மலச்சிக்கலுக்குக் கொய்யா, வாழைத்தண்டு, தண்ணீர். அதற்கும் அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி வேறு வகை இரும்பு மாத்திரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் போதும் என்று படித்திருப்பீர்கள். 2017இல் சூரிச்சில் நடந்த ஆய்வு அதைச் சொன்னது. ஒரு மாத்திரை போட்டதும் இரும்பின் வாசலை மூடும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஒரு நாளுக்கு உயர்ந்து நிற்கிறது, அதனால் அடுத்த நாள் போடுவது அவ்வளவாகச் சேர்வதில்லை என்பது அதன் சாரம். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் கர்ப்பிணிகள் அல்லர். உங்கள் நிலையில், கர்ப்பத்துக்கு முன்னால், இதை மருத்துவரிடம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கர்ப்பம் தரித்த பிறகு தினமும் என்பதுதான் இங்கே நடைமுறை. நான்காம் மாதத்திலிருந்து, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள அந்தச் சிவப்பு மாத்திரை, 180 நாட்களுக்கு. பிறகு பிரசவமான பின் இன்னொரு 180 நாள்.

மாத்திரை கடனை அடைக்கும், சாப்பாடு மறுபடியும் கடன் வராமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் எந்தச் சாப்பாடு? நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பீட்ரூட் சிவப்பு, மாதுளை சிவப்பு, ஆகவே இரத்தம் ஊறும் என்பது கண் சொல்லும் கணக்கு. பீட்ரூட்டில் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. தினமும் பீட்ரூட் சாறு குடித்துவிட்டு மாத்திரையை அலமாரியில் வைத்திருந்த பெண்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! இரண்டு பேரீச்சம்பழத்தாலும் பெரிதாக எதுவும் ஆகிவிடாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு நாலரை மில்லிகிராமுக்குச் சற்று மேல் இரும்பும், 350 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்தும் இருக்கின்றன. முளைகட்டி அரைத்தால் இரும்பைப் பிடித்துவைக்கும் பைட்டேட் குறையும். நம் பாட்டிகள் குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகுக் கூழ் கொடுத்தது சும்மா இல்லை. முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, கொள்ளு எல்லாம் நல்லவை, ஆனால் தனியாக விட்டால் பாதி வீண். கீரைப் பொரியலின் மேல் எலுமிச்சை பிழியுங்கள், அல்லது சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய், ஒரு துண்டு கொய்யா. அதே சாப்பாட்டிலிருந்து சேரும் இரும்பு இரண்டு மடங்குக்கும் மேலாகலாம். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் அதிலிருந்தும் கொஞ்சம் இறங்கும்.

அசைவம் சாப்பிடுகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இறைச்சியில் உள்ள இரும்புக்கு டீயின் தடை அவ்வளவாக எட்டாது, எளிதில் சேரும். ஆட்டுச் சுவரொட்டியை இரத்தம் ஊற என்று வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அது சரியான வழக்கம். மண்ணீரலில் இரும்பு மிகுதி, நன்றாக வேகவைத்து வாரம் ஒருமுறை சாப்பிடலாம். ஈரல் வேறு கதை. அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது, கரு உருவாகும் வாரங்களில் அது மிகையானால் கருவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும். இங்கிலாந்தில் கர்ப்பிணிகள் ஈரலே சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். கருவுக்கு முயலத் தொடங்கியதும் ஈரலை நிறுத்திவிடுங்கள் என்பது என் சொல். மீனில் மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற சிறுமீன்கள் வாரம் இரண்டுமுறை. சுறா வேண்டாம். மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும். பால் ஊறச் சுறாப்புட்டு என்று பிரசவித்தவர்களுக்குக் கொடுப்பதையும் நான் மத்திக்கு மாற்றச் சொல்வது வழக்கம், எப்போதும் கேட்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். முட்டை நன்றாக வெந்ததாக இருக்கட்டும், கலக்கியும் ஆஃப்பாயிலும் குழந்தை பிறக்கும் வரை வேண்டாம். பாலைக் காய்ச்சியே குடியுங்கள்.

ஃபோலிக் அமிலத்தை நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் கர்ப்பத்துக்கு முன் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் அங்கேதான் இருக்கிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழல் கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போய், இரண்டு கோடு பார்த்து, மருத்துவரிடம் தேதி வாங்கிப் போவதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும். மூடாமல் விட்டால் பிறகு எந்த மாத்திரையும் மூடாது. ஏற்கெனவே இந்தக் குறையுள்ள குழந்தை பெற்ற தாய்மாருக்கு முன்கூட்டியே ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்த 1991ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வில், குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. உணவு ஆய்வுகளில் இவ்வளவு தெளிவான முடிவு அபூர்வம். முயலத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது தினமும் 400 மைக்ரோகிராம் வேண்டும். இங்கே கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரை, அதாவது பன்னிரண்டு மடங்குக்கும் மேல். சர்க்கரை நோய், வலிப்பு மருந்து, முந்தைய குழந்தைக்குக் குறை என்று காரணம் இருப்பவர்களுக்கு மருத்துவர்கள் அந்தப் பெரிய அளவைக் கொடுப்பார்கள். உங்களுக்கு எது என்று சீட்டைப் பார்த்துக் கேளுங்கள். சைவ உணவுக்காரர்கள் கூடவே வைட்டமின் பி12ஐயும் சோதித்துக்கொள்வது நல்லது. ஃபோலேட் மிகுந்து பி12 குறைந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காத நிலை, அதிகமாக இருந்ததாகப் புனே ஆய்வு ஒன்று சொல்கிறது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பது வரைதான் அது காட்டியது, ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

ஒரு சிறு கோபத்தையும் இங்கே இறக்கிவைத்துவிடுகிறேன். உப்பு. 2018-19இல் நாடு முழுவதும் எடுத்த அயோடின் கணக்கெடுப்பில் போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான், மாநிலங்களில் கடைசி இடம். தூத்துக்குடியில் மலை மலையாக உப்பு விளையும் மாநிலம் இது. அயோடின் இல்லாத கல்லுப்பு ஏழை வீட்டில் மட்டும் இருப்பது இல்லை. இப்போது இயற்கை, பாரம்பரியம் என்று சொல்லிப் படித்த வீடுகளில் கல்லுப்பும் இந்துப்பும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் இன்றியமையாதது. கர்ப்பத்தின் முதற்பாதியில் குழந்தைக்கான தைராய்டு ஹார்மோனைத் தாயின் உடம்புதான் பெரும்பாலும் கொடுக்க வேண்டியிருக்கிறது. சமையலறைக்குப் போய் உப்புப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். "அயோடின் கலந்தது" என்று இல்லையென்றால் மாற்றுங்கள். இதைவிடச் செலவு குறைந்த நல்ல காரியம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி எடை. 158 சென்டிமீட்டருக்கு 44 கிலோ என்றால் உடல் நிறை எண் 17.6 வருகிறது, 18.5க்குக் கீழே மெலிவு. நீங்கள் கருத்தரிக்கும் முன் 47, 48 கிலோவாவது தொட்டுவிட்டால் நிம்மதியாக இருக்கும். மும்பையின் குடிசைப் பகுதிகளில் 2006இல் தொடங்கிய ஆய்வு ஒன்று இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. 6,500க்கு மேற்பட்ட பெண்களில் ஒரு பகுதியினருக்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினமும் கீரை, பழம், பால் சேர்த்த ஒரு பலகாரம், மற்றவர்களுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றில் செய்த பலகாரம். கருத்தரிப்பதற்கு மூன்று மாதமாவது முன்பு தொடங்கியவர்களின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தன. கர்ப்பகாலச் சர்க்கரை ஒரு பக்கம் 12.4 சதவீதம், கீரைப் பலகாரம் தின்றவர்கள் பக்கம் 7.3. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மிக மெலிந்த பெண்களின் குழந்தைகளிடம் அந்த எடைப் பலன் தெரியவில்லை. வந்ததைத் தாயின் உடம்பே எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம். அதனால்தான் உங்களிடம் முதலில் எடை என்கிறேன். இரவில் இரண்டு தோசையோடு எழுந்துவிடாதீர்கள், ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ ஒரு டம்ளர் பாலோ கூடச் சேரட்டும்.

கர்ப்பம் தரித்ததும் "இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று ஒரு குரலும், "குழந்தை பெருத்துவிட்டால் பிரசவம் சிரமம், கொஞ்சமாகச் சாப்பிடு" என்று இன்னொரு குரலும் வரும். சில வீடுகளில் இரண்டும் ஒரே வாயிலிருந்து வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2020இல் சொன்ன கூடுதல் தேவை நாளைக்கு 350 கலோரி. அது இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், அவ்வளவே. இன்னொரு ஆளின் முழுச் சாப்பாடு அல்ல. புரதம்தான் கடைசி மூன்று மாதங்களில் நாளைக்கு 22 கிராம் கூட வேண்டும், அங்கேதான் நம் தட்டு தோற்கிறது. சோறு மலை போலவும் பருப்பு கிண்ணத்தின் அடியிலும் இருக்கும். மசக்கை வாட்டும் முதல் மூன்று மாதங்களில் இந்தக் கணக்கு எதையும் பார்க்க வேண்டாம். எது உள்ளே நிற்கிறதோ அதைச் சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள். தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் அடர்ந்து போகிறது என்றால் மருத்துவமனை.

சர்க்கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை எளிதாக வரும், மெலிந்தவர்களுக்கும் வருகிறது. வெறும் வயிறா இல்லையா என்று பார்க்காமல் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கும் எளிய சோதனையைப் பரவலாக்கியவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. 140 வந்துவிட்டால் கவனிக்க வேண்டும். முதல் பரிசோதனையிலேயே இதைச் செய்துகொள்ளுங்கள், 24 முதல் 28 வாரத்துக்குள் மீண்டும் ஒருமுறை. வளைகாப்புக்குப் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று வரிசையாக வைத்து ஊட்டுவார்கள், ஒரு நாள்தானே, சாப்பிடுங்கள். அந்தச் சோறே மூன்று வேளையும் தொடரும் வாரங்களைத்தான் நான் அஞ்சுகிறேன்.

உங்கள் கேள்வியின் கடைசியில் வெட்கத்தோடு ஒன்று கேட்டிருந்தீர்கள், பச்சரிசியும் பல்பமும் தின்னத் தோன்றுகிறதே என்று. வெட்கப்பட எதுவும் இல்லை. திருநீறு, சாம்பல், செம்மண், சுவர்ச் சுண்ணாம்பு என்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். இரும்புக் குறைவோடு இந்த ஆசை சேர்ந்து வருவது நன்கு தெரிந்த விஷயம், எது எதற்குக் காரணம் என்பதில்தான் இன்னும் கருத்து வேறுபாடு. இரும்பு ஏறினதும் பலருக்குத் தானாக விட்டுப்போகிறது. கற்பூரத்தை மட்டும் வாயில் வைத்துவிடாதீர்கள், அது நஞ்சு.

நாள் தள்ளிப்போனால் 12 வாரத்துக்குள் உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்குத் தகுதி இருந்தால், பணத்தோடு பேரீச்சம்பழமும் சத்துமாவும் இரும்பு டானிக்கும் உள்ள ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு முறை வரும். அந்த டானிக் பாட்டிலைப் பிரிக்காமலேயே அலமாரியில் வைத்திருப்பவர்கள் பலர்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, மாத்திரையை மறுபடி தொடங்கி, டீயைத் தள்ளிவைத்து, நான்கு வாரம் கழித்து மீண்டும் இரத்தம் பார்ப்பது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறவில்லை என்றால் குறை இரும்பில் மட்டும் இல்லை. பூச்சியாக இருக்கலாம், பி12ஆக இருக்கலாம், தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறையின் கூறு இருக்கலாம். கடைசியில் சொன்னதைத் தட்டைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியாது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. உங்களுக்கு அந்தக் கூறு இருப்பது தெரிந்தால் கர்ப்பத்துக்கு முன்பே உங்கள் கணவருக்கும் அதைச் செய்ய வேண்டும். இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு. பப்பாளியைப் பற்றி வீட்டில் மறுபடி பேச்சு வந்தால், அந்தப் பரிசோதனைக்கு உங்கள் கணவர் எப்போது வருகிறார் என்று கேளுங்கள்.